மீன் பொரிப்பகத் தண்ணீர்ச் சோதனை: பெங்களூரில் லேபுடன் ஒப்பந்தம் போடுவது எப்படி

பெங்களூரில் ஏதாவது ஒரு லேபுக்குப் போன் போட்டு "தண்ணி டெஸ்ட் பண்ணணும்" என்றால், முதலில் வரும் கேள்வி "போர்வெல்லா, டேங்கரா? குடிக்கறதுக்கா?" என்பதுதான். பேச்சுவாக்கில் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால், ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரத்தின் பட்டியலுக்குக் கொட்டேஷன் வந்துவிடும். சில நாளில் "குடிக்கத் தகுந்தது" என்று அறிக்கையும் வரும். அதை நம்பித் தாய் மீனுக்கு முட்டையிட வைக்கும் ஊசி போட்டு, முட்டையை வட்டத்தொட்டியில் விட்டால், மறுநாள் காலையில் முட்டையெல்லாம் செத்து வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கலாம். லேப் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். குடிநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 10500. நுண்குஞ்சுக்கு 0.02 இருந்தாலே செவுள் வெந்துபோகும். துத்தநாகம் 5 மி.கி. வரை குடிநீருக்குப் பரவாயில்லை. பொரிப்பகத்தில், அதுவும் கடினத்தன்மை குறைந்த மென்நீரில், 0.05ஐத் தாண்ட விடக்கூடாது. தாமிரத்துக்குக் குடிநீரில் 0.05 ஏற்கத்தக்க அளவு, மாற்று வழி இல்லாவிட்டால் 1.5 வரைகூட விடுகிறார்கள், குஞ்சுக்கு 0.01 வந்தாலே கவலைப்பட வேண்டும். குளோர்பைரிஃபாஸ் பூச்சிமருந்து குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். மீனுக்கோ சில மைக்ரோகிராமே ஆபத்து. மீனை அதைவிட வேகமாகக் கொல்லும் சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நைட்ரைட், கரைந்த ஆக்சிஜன், கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஆகியவையும் இல்லை.

அதனால் லேபிடம் "மீன் குஞ்சுக்குத் தண்ணி" என்று வாயால் சொன்னால் போதாது. எதை, எந்த அளவு வரை நுணுக்கமாக, எந்த இடத்திலிருந்து எடுத்த தண்ணீரில் அளக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் என்பது அதுதான். விலை அதற்குப் பிறகு.

லேபுக்கு எது, கையிலுள்ள கிட்டுக்கு எது

கட்லா, ரோகு முட்டை 27, 28 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். மூன்றாம் நாள் மஞ்சள்கரு கரைந்து, குஞ்சு தீனி தேடும். அன்றைக்கே பையில் போட்டு விற்றுவிடுவோம். லேப் அறிக்கை வர ஐந்திலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே தொட்டியில் குஞ்சு செத்துக்கொண்டிருக்கும்போது லேபுக்கு ஓடுவதால் அந்தப் பேட்ச் பிழைக்காது. அடுத்த பேட்சுக்கு வேண்டுமானால் உதவும்.

வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரைட், குளோரின் ஆறையும் பொரிப்பகத்திலேயே அளக்கும் கிட்டும் மீட்டரும் இருந்தாக வேண்டும். லேபை மூன்று வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முன் தண்ணீரின் முழுக் குணத்தையும் அறிய. போர்வெல், குழாய், டேங்கர் என்று ஏதாவது மாறினால் மறுபடி பார்க்க. உங்கள் கிட் காட்டும் எண் சரிதானா என்று ஒப்பிட. பேட்சுக்குப் பேட்ச் லேபுக்கு அனுப்புவது வீண் செலவு.

முழுச் சோதனைக்கு நல்ல நேரம் ஏப்ரல். நிலத்தடி நீர் கீழே போய், உப்பும் இரும்பும் அடர்த்தியாக இருக்கும் காலம் அது. அதில் தேறினால் ஜூன், ஜூலை சீசனில் பயமில்லை. முதல் பெருமழை முடிந்ததும் ஒரு சிறு சோதனை: நைட்ரேட், அம்மோனியா, கலங்கல், பாக்டீரியா, பக்கத்தில் வயல் இருந்தால் பூச்சிமருந்தும். வண்ணமீன் பொரிப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கச் சீசன் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

உங்கள் தண்ணீர் எது என்று முதலில் பாருங்கள்

பட்டியல் தண்ணீரைப் பொறுத்தது. பெங்களூரைச் சுற்றி நான்கு வகை உண்டு.

ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஹெசரகட்டா, தொட்டபள்ளாப்பூர் பக்கமெல்லாம் ஆழ்துளைப் போர்வெல்தான். பாறை இடுக்கிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது, கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும், கடினத்தன்மை அதிகம், சில இடத்தில் இரும்பும் நைட்ரேட்டும். கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் ஃபுளோரைடையும் சேருங்கள். பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டி இருந்தால் குரோமியம், அதிலும் ஆறு இணைதிறன் குரோமியம், கட்டாயம். அங்கே நிலத்தடி நீரில் அது கலந்திருப்பது பல ஆண்டாக அறிந்த விஷயம்.

காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, குளோரின் போட்டு, சுமார் 100 கி.மீ. பம்ப் செய்து வருவது. போர்வெல்லைவிட மென்மையானது, உப்பு குறைவு. மாடியில் வண்ணமீன் பொரிப்பவர்களுக்கு இதுவே வரம். ஆனால் குளோரின் அளவு நாளுக்கு நாள் மாறும். லேப் சோதனையால் இதைப் பிடிக்க முடியாது. குழாயடியில் குளோரின் அளக்கும் டிபிடி கிட் வைத்துப் பார்ப்பதுதான் வழி. இன்னொன்று, மென்நீரில் உலோக நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் பித்தளை வால்வும் உள்ள கட்டடத்தில் துத்தநாகம், தாமிரம் இரண்டையும் பார்க்காமல் விடாதீர்கள்.

டேங்கரைப் பற்றி ஒன்றே ஒன்று: ஒரு லோடைச் சோதித்த அறிக்கை அடுத்த லோடுக்குச் செல்லாது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கரை நம்பி நின்றபோது, ஒரே வண்டி காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் நிரப்பியது. டேங்கர்தான் கதி என்றால் ஒவ்வொரு லோடுக்கும் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது), பிஎச், குளோரின் மூன்றையும் நீங்களே பார்த்து எழுதி வையுங்கள். மின்கடத்துதிறன் திடீரென மாறினால் ஊற்று மாறிவிட்டது என்று பொருள்.

ஏரித் தண்ணீர் எடுப்பவர்கள், குறிப்பாகக் கோலார் பக்கம், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. அந்த ஏரியிலிருந்தோ, அதை ஒட்டிய கிணற்றிலிருந்தோ தண்ணீர் எடுத்தால் அம்மோனியா, நைட்ரைட், பாஸ்பேட், சோப்பு நுரைக்கான அயனிப் பொருள், பாக்டீரியா ஆகியவை பட்டியலில் இருக்கட்டும்.

பட்டியலும், அதைவிட முக்கியமான இன்னொரு எண்ணும்

கெண்டைப் பொரிப்பகத்துக்கு எங்கள் அடிப்படைப் பட்டியல் இது: மின்கடத்துதிறன், காரத்தன்மை, மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், நைட்ரைட், மொத்த அம்மோனியா, இரும்பு, மாங்கனீசு, தாமிரம், துத்தநாகம். ஆண்டுக்கு ஒருமுறை ஈயம், காட்மியம், குரோமியம். பிஎச், ஆக்சிஜன் இரண்டையும் லேபும் அளக்கட்டும். ஆனால் முடிவெடுக்க உங்கள் கள அளவைத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

வெள்ளிக்கெண்டை முட்டைக்குக் கடினத்தன்மை முக்கியம். மென்நீரில் முட்டை அளவுக்கு மேல் உப்பி வெடித்துவிடும். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா போன்ற வண்ணமீனுக்கு நேர் எதிர்: பெங்களூர் போர்வெல் தண்ணீரில் முட்டை பொரியாது, ஆர்ஓ தண்ணீர் கலந்தாக வேண்டும். ஆர்ஓவில் போகும் தண்ணீருக்கு முழுச் சோதனை செய்யுங்கள். வெளியே வரும் தண்ணீருக்கு உங்கள் கையிலுள்ள மின்கடத்துதிறன் மீட்டரே போதும்.

பூச்சிமருந்துக்கு "எல்லாத்தையும் பாருங்க" என்று கேட்காதீர்கள். சுற்றியுள்ள திராட்சைத் தோட்டத்திலும் தக்காளி வயலிலும் என்ன அடிக்கிறார்கள் என்று விசாரித்து, மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெயர் கொடுக்காவிட்டால் லேப் குடிநீர்ப் பட்டியலைத்தான் ஓட்டும்.

இப்போது அந்த முக்கியமான எண். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, எந்த அளவு வரை கீழே இறங்கி அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். லேப்காரர்கள் இதை எல்ஓக்யூ என்பார்கள். அறிக்கையில் "தாமிரம்: பிடிஎல்" (கண்டறியும் அளவுக்குக் கீழே) என்று வந்தால் அது "தாமிரம் இல்லை" என்று சொல்லவில்லை, "என் கருவிக்குத் தெரியவில்லை" என்கிறது. உலோகம் அளக்கும் ஃப்ளேம் வகை ஏஏஎஸ் கருவி பொதுவாக 0.02 அல்லது 0.05 வரைதான் இறங்கும். உங்கள் குஞ்சு 0.01லேயே சாகும் என்றால் அந்தப் பிடிஎல்லுக்கு மதிப்பு ஏது? உங்கள் எல்லையின் மூன்றில் ஒரு பங்கு வரையாவது லேபால் கீழே இறங்கி அளக்க முடிய வேண்டும். தாமிரத்துக்கு 0.002, துத்தநாகத்துக்கு 0.01, நைட்ரைட்டுக்கு 0.01, அம்மோனியாவுக்கு 0.05 மி.கி. என்று கேளுங்கள். உலோகங்களுக்கு ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள லேபால் எளிதாக முடியும்.

ஹைட்ரஜன் சல்பைடு விதிவிலக்கு. மீனுக்கு எல்லை 0.002 மி.கி. என்றால், வழக்கமான லேப் முறைகள் அங்கே நெருங்கவே முடியாது. குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை லேசாக அடித்தால்கூட, சோதனைக்குக் காத்திராமல் காற்றூட்டும் கோபுரம் கட்டுங்கள்.

காற்று மிகை அழுத்தத்தையும் லேபால் அளக்க முடியாது. பம்பின் உறிஞ்சு குழாயில் பொடி ஓட்டை இருந்தால் காற்றும் சேர்ந்து அழுத்தத்தில் கரைந்து வரும். குஞ்சின் கண்ணிலும் துடுப்பிலும் குமிழி தெரிந்தால் அதுதான். இதற்குத் தனி மீட்டர் உண்டு. மொத்த வாயு அழுத்தம் 105 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

லேபைத் தேர்ந்தெடுப்பது

"எங்களுக்கு என்ஏபிஎல் இருக்கு சார்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியம்தான் என்ஏபிஎல். அதன் அங்கீகாரம் முழு லேபுக்கும் மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்த வகைத் தண்ணீரில், எந்தப் பொருளுக்கு, எந்த முறையில், எந்த அளவு வரம்புக்குள் என்று வரிவரியாகக் கொடுப்பது. அந்தப் பட்டியலின் பெயர் ஸ்கோப். என்ஏபிஎல் தளத்தில் லேபின் பெயரைத் தேடினால் சான்றிதழ் எண்ணோடு ஸ்கோப்பும் கிடைக்கும். நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர் என்ற தலைப்புகளில் நைட்ரைட் இருக்கிறதா, தாமிரத்தின் வரம்பு எங்கே தொடங்குகிறது, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். குடிநீருக்கு மட்டும் ஸ்கோப் வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் லேபும் உண்டு.

மூன்று லேபிடம் ஒரே பட்டியலை அனுப்பிக் கொட்டேஷன் வாங்குங்கள். பதிலில் எல்ஓக்யூ எழுதாமல் விலையை மட்டும் அனுப்பும் லேபிடம் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது தடவையும் எழுதவில்லை என்றால் விட்டுவிடலாம். முடிந்தால் நேரில் போய், சாம்பிள் வாங்கும் மேசையைப் பாருங்கள். அங்கே தெர்மாமீட்டர் இருக்கிறதா, வந்த பாட்டில் உடனே ஃப்ரிட்ஜுக்குள் போகிறதா, தரையில் வெயிலில் வரிசையாக நிற்கிறதா? இந்தப் பத்து நிமிடம் சான்றிதழைவிட அதிகம் சொல்லும். தண்ணீரைப் பற்றிய மீன்வளச் சந்தேகம் என்றால் ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் வட்டார ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பட்டியலை இறுதி செய்யும் முன் அங்கே ஒருமுறை கேட்பது நல்லது.

சாம்பிள் எடுப்பது: பாதிச் சோதனை இங்கேதான்

மிக நல்ல கருவியும் கெட்டுப்போன சாம்பிளைச் சரிசெய்யாது. லேப் ஆளே வந்து எடுத்தாலும், என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் முதலில். போர்வெல் தலையில் ஒன்று, பொரிப்புத் தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம். நடுவே உள்ள குழாயும் மேல்நிலைத் தொட்டியும் என்ன சேர்க்கிறது என்பது அந்த வித்தியாசத்தில்தான் தெரியும். துத்தநாகம், தாமிரத்துக்கு மட்டும், இரவெல்லாம் மூடிக் கிடந்த குழாயைக் காலையில் திறந்ததும் வரும் முதல் ஒரு லிட்டரைத் தனியாகப் பிடியுங்கள். புதிதாகப் போட்ட ஜிஐ குழாய் இங்கேதான் பிடிபடும்.

போர்வெல் தலையில் எடுக்கும்போது பம்பை ஓடவிட்டு, மின்கடத்துதிறன் மீட்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவு ஒன்றுக்கொன்று 3 விழுக்காட்டுக்குள் நின்றால்தான் பாறையிலிருந்து புதுத் தண்ணீர் வருகிறது என்று பொருள். 6 அங்குலப் போரில் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 100 மீட்டர் தண்ணீர் நின்றால் 1,800 லிட்டர் பழைய தண்ணீர். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பிடித்தால் பழைய தண்ணீரைத்தான் சோதிப்பீர்கள்.

பாட்டில்கள் ஒவ்வொன்றும் வேறு. பொது உப்புகளுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, காற்றிடம் இல்லாமல் மூட வேண்டும். உலோகத்துக்கு, அமிலத்தில் கழுவிய பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டுப் பிஎச் 2க்குக் கீழே. அம்மோனியாவுக்குக் கந்தக அமிலம், அதே பிஎச். நைட்ரைட்டுக்கு அமிலம் கூடவே கூடாது. ஐசில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். பாக்டீரியாவுக்குக் கிருமி நீக்கிய, தயோசல்பேட் போட்ட பாட்டில்; அதை நிரப்பாமல் மேலே ஓர் அங்குலம் விட வேண்டும். பூச்சிமருந்துக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில் மட்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. லேப் ஏற்கெனவே அமிலம் போட்டுக் கொடுத்த பாட்டிலைப் பழக்கதோஷத்தில் அலசிக் கொட்டிவிடுவது: அமிலம் போய்விடும், தண்ணீரிலுள்ள இரும்பு, பாட்டிலின் சுவரில் படிந்து அறிக்கையில் குறைவாக வரும். நைட்ரிக் அமிலப் பாட்டிலிலிருந்தே நைட்ரேட்டையும் அளப்பது: நூற்றுக்கணக்கில் நைட்ரேட் வரும், ஊரே பயப்படும். தீனி மூட்டையைத் தொட்ட கையால் மூடியின் உள்பக்கத்தைத் தொடுவது: அம்மோனியா ஏறும்.

போர்வெல் தண்ணீரில் இரும்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிடித்தபோது பளிங்காக இருக்கும். அரை மணி நேரத்தில் லேசாக மங்கும். மாலைக்குள் அடியில் செம்பழுப்புப் பொடி தங்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு வெளியே வந்ததுதான் அது. உங்கள் தொட்டியில் அதே வேலை முட்டையின் மேலும் குஞ்சின் செவுளின் மேலும் நடக்கும். அமிலம் விடாத பாட்டில் லேபுக்குப் போனால், மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து அளந்து "இரும்பு 0.1" என்று எழுதிவிடுவார்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு 300 மில்லி கண்ணாடி பாட்டில், உரசிய மூடி. ரப்பர்க் குழாயைப் பாட்டிலின் அடி வரை விட்டு, சலசலப்பின்றி நிரப்பி, இரண்டு மூன்று பாட்டில் அளவு வழியவிடுங்கள். பிப்பெட் முனையைத் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு மாங்கனீசு சல்பேட், பிறகு கார அயோடைடு அசைடு, லேப் கொடுத்த அளவில். மூடியைச் சாய்வாகப் போட்டால் உள்ளே குமிழி சிக்காது. தலைகீழாக நாலைந்து முறை புரட்டுங்கள். தேன்பழுப்பில் திப்பிதிப்பியாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால்வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. ஆழ்துளைப் போரில் இப்படி வருவது சகஜம், பயப்பட வேண்டாம். படிவு இறங்கியதும் கந்தக அமிலத்தை விட்டு, இருட்டில் வைத்து, எட்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். இந்த வேலையை அங்கேயே செய்யாமல் வெறும் தண்ணீரை அனுப்பி ஆக்சிஜன் கேட்டால், வழியில் கலந்த காற்றைத்தான் லேப் அளக்கும்.

பிஎச்சுக்கும் இதே கதைதான். காரத்தன்மை 250 உள்ள போர்வெல் தண்ணீரில், குழாயடியில் பிஎச் 6.9 என்றால் கரைந்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 60 மி.கி. அதே தண்ணீர் பாட்டிலில் குலுங்கி, திறந்து, மறுநாள் மேசைக்கு வரும்போது வாயு பறந்து பிஎச் 7.8 ஆகியிருக்கும், அந்தப் பிஎச்சை வைத்துக் கணக்கிட்டால் 8 மி.கி. தான் வரும். குஞ்சுக்கு 10க்குக் கீழே வேண்டும். அறிக்கை "நல்ல தண்ணீர்" என்கிறது. தொட்டியில் குஞ்சு மூச்சுத் திணறுகிறது. ஆகவே பிஎச்சைக் குழாயடியில், 7, 9 அல்லது 10 பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசலில்) அன்றைக்கே சரிபார்த்த மீட்டரால் நீங்களே அளந்து, சாம்பிள் சீட்டில் எழுதிவிடுங்கள்.

பெட்டிக்குள் நிறைய ஐஸ் போடுங்கள். பாட்டில்களை ஜிப் கவரில் போட்டால் உருகிய தண்ணீர் மூடி வழியே புகாது. உறையவிடக் கூடாது. ஆனேக்கல்லிலிருந்து பீன்யா பக்கம் உள்ள லேபுக்கு நகரைக் குறுக்கே கடக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எடுத்துக் கிளம்பினால் நெரிசலுக்கு முன் சேரலாம். பாக்டீரியா சாம்பிளுக்கு எட்டு மணி நேரக் கெடு. வெள்ளிக்கிழமை மாலையில் கொடுக்காதீர்கள். திங்கள் காலை வரை நைட்ரைட் காத்திருக்காது. திங்கள், செவ்வாய், புதன் காலை நல்லது.

ஒர்க் ஆர்டரில் எழுத வேண்டியவை

ஒரு பக்கம் போதும். பொருள், முறை, அலகு, எல்ஓக்யூ நான்கும் உள்ள அட்டவணையை இணைப்பாக வையுங்கள். அதற்கு மேல் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்கட்டும்:

- பாட்டில், அமிலம், சாம்பிள் சீட்டு லேபே தரும். எடுப்பது யார், வண்டிச் செலவு யாருடையது.
- சாம்பிள் வந்த நேரமும் பெட்டியின் வெப்பநிலையும் அறிக்கையில் வரும். ஒவ்வொரு பொருளையும் அளந்த தேதியும் வரும்.
- வேறு லேபுக்கு அனுப்பினால் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். சோதனை லேப்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 17025ம் இதையே சொல்கிறது.
- அம்மோனியா, நைட்ரைட், தாமிரம், துத்தநாகம் நாங்கள் குறித்த எல்லையைத் தாண்டினால், அறிக்கைக்குக் காத்திராமல் அன்றைக்கே போன்.
- மீதிச் சாம்பிளை, குறிப்பாக உலோகப் பாட்டிலை, அறிக்கை வந்த பின் 30 நாள் வைத்திருக்க வேண்டும்.
- முடிவில் ஐயம் வந்தால் மறுசோதனை. லேபின் பிழை என்றால் கட்டணம் கிடையாது.
- ஸ்கோப்பில் ஏதாவது பொருள் விடுபட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

கட்டணத்தைச் சாம்பிள் கணக்கில் பேசாமல் பொருள் கணக்கில் பேசுங்கள். மழைக்குப் பிந்தைய சிறு சோதனைக்கு முழுப் பொதி விலை கொடுக்க வேண்டியிராது. ஆண்டுக்கு இத்தனை சாம்பிள் என்று சொன்னால் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் மறுசோதனைக்கு நீங்கள்தான் நடையாய் நடக்க வேண்டும். அறிக்கைக்கு அறிக்கை பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்பதும் எழுத்தில்.

அறிக்கையை வாசிப்பது

என்ஏபிஎல் அறிக்கை என்றால் யூஎல்ஆர் எண் (அந்த அறிக்கைக்கே உரிய தனி எண்) இருக்கும். ஏதாவது வரியில் நட்சத்திரக் குறி இருந்தால், அது அங்கீகாரத்துக்கு வெளியே உள்ளதா என்று கேளுங்கள். அதன்பின் அலகைப் பாருங்கள். நைட்ரேட்டை "நைட்ரேட்டாக" எழுதினாரா, "நைட்ரஜனாக" எழுதினாரா? நைட்ரஜன் கணக்கை 4.43ஆல் பெருக்கினால் நைட்ரேட், நைட்ரைட்டுக்கு 3.28. இதைக் கவனிக்காமல் போனால் நைட்ரைட் மூன்று மடங்கு குறைவாகத் தெரியும். நைட்ரைட்டைப் பார்க்கும்போது குளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். குளோரைடு தாராளமாக இருந்தால் நைட்ரைட் செவுள் வழியே புகுவது குறையும்.

அம்மோனியாவில் லேப் தருவது மொத்த அளவு. குஞ்சைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு மட்டும். அது பிஎச்சையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் 0.7 விழுக்காடு, 8 என்றால் 6.5, 8.5 என்றால் 18, 9 என்றால் 41 விழுக்காடு. மொத்த அம்மோனியா 0.5 மி.கி. என்று வந்தால், பிஎச் 7 தொட்டியில் நச்சுப் பங்கு 0.0035தான். அதே எண், பாசி பச்சை பிடித்து மதியத்தில் பிஎச் 8.5 ஏறிய நாற்றங்கால் குளத்தில் 0.09. எல்லை 0.02. ஒரே அறிக்கை, ஓரிடத்தில் நிம்மதி, இன்னோரிடத்தில் சாவு. இந்தக் கணக்கை லேப் போட்டுத் தராது. கள பிஎச் உங்களிடம்தான் இருக்கிறது.

எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று கால்குலேட்டரில் ஐந்து நிமிடம் பாருங்கள். கால்சியத்தை 2.5ஆலும் மக்னீசியத்தை 4.1ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வர வேண்டும். கால்சியம் 80, மக்னீசியம் 30 என்றால் 323 வரும்; அறிக்கையில் 410 என்று இருந்தால் எங்கேயோ தவறு. டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்), மின்கடத்துதிறனில் 0.55க்கும் 0.7க்கும் இடையில் இருக்க வேண்டும். நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் சமான எடையில் (ஒவ்வொன்றின் மின்னூட்டக் கணக்குக்கு மாற்றி) கூட்டினால் 5, அதிகம் போனால் 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். சோடியம், பொட்டாசியம், சல்பேட்டை அடிப்படைப் பட்டியலில் வைத்தது இதற்காகவும்தான். ஒத்துப்போகவில்லை என்றால் சண்டை போடாமல், அந்த வரியை மட்டும் குறிப்பிட்டு மறுசோதனை கேளுங்கள். நல்ல லேப் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது.

லேபைச் சோதிப்பது

ஆண்டில் ஒருமுறை, ஒரே குழாயில் அடுத்தடுத்து பிடித்த தண்ணீரை "தொட்டி 3", "தொட்டி 7" என்று இரு பெயரில் அனுப்புங்கள். கடினத்தன்மை, குளோரைடு இரண்டிலும் 5 விழுக்காட்டுக்குள், அம்மோனியா, நைட்ரைட்டில் 20 விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த அமிலப் பாட்டில் ஒன்றில் நல்ல காய்ச்சி வடித்த நீரை நிரப்பி அதையும் வழக்கமான சாம்பிள் போலவே சேர்த்து அனுப்புங்கள். அதில் துத்தநாகம் 0.05 என்று வந்தால், உங்கள் தொட்டியில் வந்த துத்தநாகமும் பாட்டிலிலிருந்தோ அமிலத்திலிருந்தோ வந்திருக்கலாம்; குழாயை மாற்றுவதற்கு முன் பாட்டிலை மாற்றச் சொல்லுங்கள்.

சாம்பிள் எடுத்த அதே நிமிடம் உங்கள் கிட்டாலும் அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தால், அறிக்கை வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிட் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்; இரவில் தொட்டியருகே நிற்கும் பையனும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பான். சாய்வு ஒருமுறை ஒரு பக்கமும் மறுமுறை மறுபக்கமும் போனால் கிட்டின் மருந்து காலாவதியாகியிருக்கலாம். புதிது வாங்கி, அடுத்த சாம்பிளோடு மறுபடி ஒப்பிடுங்கள்.